சிவப்பு வட்டத்து அண்ணன்

ஓசூர்ல என்ன வேலைன்னு கேட்டீங்க. சொல்றேன். சொல்லி ஒன்னும் ஆவப்போறதில்ல. ஆனா சங்ககிரி வரைக்கும் நீங்களும் இந்த பஸ் சீட்டுலதான் இருக்கப்போறீங்க, நானும் இருக்கப்போறேன். மனசுக்குள்ளயே போட்டு உருட்டிக்கிட்டு இருந்ததுல மண்டை காஞ்சு போச்சுங்க.

மாடுலாரிட்டி. அதுனாலதான் போறேன்.

முழிக்கறீங்க பாத்தீங்களா? எங்க லைன்லயும் இப்படித்தான் முழிச்சாங்க. வைண்டிங் செக்சன்ல சுபத்ரான்னு ஒரு புள்ள, காயில் சுத்தறது அதுதான். அது எந்திரிச்சு, "மாடு தெரியுது, லாரி தெரியுது, டீயும் தெரியுது. மூணையும் சேத்தாத்தான் ஒன்னும் தெரிய மாட்டேங்குது"ன்னுச்சு. மீட்டிங்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவங்களோட சேந்து கடைசியாச் சிரிச்சது அன்னிக்குத்தானுங்க.

நம்ம பேரு நாச்சிமுத்து. கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில லைன் சூப்பர்வைசர். கிணத்துக்கு, போருக்கு, மொட்டைமாடித் தொட்டிக்குன்னு மோட்டார் பம்பு பண்றோம். காயில் சுத்தறதுல ஆரம்பிச்சு ஷாஃப்ட் போட்டு, விசிறி மாட்டி, தண்ணித் தொட்டில வச்சு டெஸ்ட் பண்ணி, பெயிண்ட் அடிச்சு, அட்டைப்பெட்டில போடற வரைக்கும் மொத்தமும் என்ற பொறுப்பு. லைனுக்கு நடுவால கொஞ்சம் ஒசரமா எனக்கு ஒரு கண்ணாடி ரூமு. உக்காந்த எடத்துலருந்தே எல்லாம் தெரியும். எறங்கி நடக்க வேண்டியதே இல்லீங்க. எப்பவாவது எறங்கி வந்தேன்னு வைங்க, அதுவரைக்கும் கலகலன்னு பேசிக்கிட்டிருந்தவங்க கப்புச்சிப்புன்னு ஆயிருவாங்க. அவ்வளவு மரியாதை.

எங்க முதலாளிக்கு ஒரு பையன். சின்னவர்னு கூப்பிடுவோம். ஜெர்மனில படிச்சுட்டு வந்தவரு. வந்ததுலருந்து ஒரே ரோசனை. ஓசூர்ல புதுசா ஒரு யூனிட் போடறாங்க, அங்க ஒன்னையும் புதுசா வாங்கறதா இல்ல, இங்கிருக்கற லைன்லருந்தே கொஞ்சம் கழட்டிக் கொண்டுபோய் அங்க மாட்டறதுன்னு முடிவு. மெசினையும் சரி, ஆளையும் சரி. ஓசூர்னு சொன்னதுமே ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. சுபத்ராவுக்குப் புள்ளைங்க பள்ளிக்கூடம். இன்னொருத்தனுக்கு மாமியார் டயாலிசிஸ்ல இருக்குது. எனக்கு? நான் சரவணம்பட்டிக்கு அக்கட்ட இப்பத்தான் ஊடு கட்டிப் பால் காய்ச்சியிருக்கறேன். சுண்ணாம்பு வாசம்கூட இன்னும் போகல. அதை உட்டுட்டு ஓசூர்ல போயி ஒத்தை ரூம்ல பன்னு தின்னுக்கிட்டுக் கெடக்க முடியுமுங்களா?

சரி, எதைக் கழட்டறது, யாரைக் கழட்டறதுன்னு எப்படி முடிவு பண்றது? அதுக்குத்தான் இந்த மாடுலாரிட்டி.

மிக்சி இருக்குதுல்லீங்க, அதுல சட்னி ஜாரைக் கழட்டிட்டுப் பொடி அரைக்கற ஜாரை மாட்டறோம். மோட்டாருக்கு ஒன்னும் ஆவறதில்ல. தனியாக் கழட்டலாம், தனியா மாட்டலாம். அதுதான் மாடுலாரு. ஒரு ஃபேக்டரி லைனையும் அந்த மாதிரி கழட்டி மாட்ட முடியுமா, எவ்வளவு முடியும்னு அளந்து ஒரு மார்க்கு போடலாமாம். எதை எடுத்தா எது எது நின்னு போகும்னு பாக்கறது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்தா ஒரு கோடு. கோடு எச்சா இருந்தா கழட்ட முடியாது, ஒட்டிக்கிட்டு வரும். கோடு கம்மியா இருந்தா சுளுவாக் கழட்டிக்கலாம். எனக்கு இப்ப இதெல்லாம் அத்துப்படிங்க. இதை அப்பவே கொஞ்சம் நின்னு கேட்டிருக்கலாம். என்ன பண்றது, மார்க்குன்னு சொன்னதும் மத்தது காதுல ஏறல. மார்க்குன்னா என்ன, கம்மியா வாங்கினவனைத்தானே வெளிய அனுப்புவாங்க? பள்ளிக்கூடத்துலருந்து அதுதானே வழக்கம்?

அளவெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. அபிராமின்னு பேரு. தங்கமான புள்ள, அதுமேல எனக்குக் கோவமில்ல. கோவமில்லைன்னு சொல்ல முடியாது, இருக்குது, ஆனா அந்தப் புள்ளையும் என்ன பண்ணும்? அப்பா அம்மா தமிழுதான், நாக்பூர்ல வளந்துச்சு. ஊட்டுல புஸ்தகம் வச்சுத் தமிழ் படிச்சுதாம். அதனால ரேடியோல செய்தி வாசிக்கற மாதிரியே பேசும். கைல மடிக் கம்ப்யூட்டரை வச்சுக்கிட்டு ஒவ்வொரு மெசினா போயி நிக்கும். "தங்கள் பணியில் தடை ஏற்பட்டால் முதலில் யாரை அணுகுவீர்கள்?" இதுதான் கேள்வி. நம்ம ஆளுங்களுக்கு அது கோர்ட்டுல கூண்டுல ஏத்திக் கேக்கற மாதிரி இருந்துச்சு. சுபத்ரா என்ற ரூமுப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு, "அண்ணனைத்தானுங்க"ன்னுச்சு. அபிராமி அதை டைப் அடிச்சுக்கிச்சு. அண்ணன்.

அடுத்தாப்ல ஷாஃப்ட் போடறவன்கிட்ட போச்சு. அவனும் "அண்ணன்கிட்ட சொல்லுவனுங்க." விசிறி மாட்டறவன், அண்ணன். டெஸ்டிங் தொட்டி, அண்ணன். பெயிண்ட், அண்ணன். பேக்கிங்ல கௌசல்யான்னு இருக்குது, அது யாரையுமே ஒன்னுமே கேக்காதுன்னு நெனைச்சேன், அதுவும் அண்ணன்னுச்சு. நான் மேலருந்து கண்ணாடி வழியா எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன். கதவைத் தொறந்து வச்சிருந்தேன், காதுல விழுவுது. உங்ககிட்ட சொல்றதுக்கு என்னங்க, கண்ணு கலங்கிப் போச்சு. இந்தப் பசங்களை எவ்வளவு திட்டியிருப்பேன்? மெமோ குடுத்திருப்பேன்? இருந்தும் ஒருத்தன் பாக்கியில்லாம என்னைய அண்ணன்ங்கறானே!

சாயங்காலம் அந்தப் புள்ள மேல வந்துச்சு. "சார், அண்ணன் என்பவர் யார்? எல்லோரும் அவரையே குறிப்பிடுகிறார்கள்"னுச்சு.

நான் சட்டைய இழுத்துவிட்டுக்கிட்டு எந்திரிச்சேன். "நாந்தான் அம்மணி"ன்னேன்.

"தங்களை அண்ணன் என்றா அழைப்பார்கள்?"

"மனசுக்குள்ள அப்படித்தான் நெனைப்பாங்க"ன்னேன்.

அது தலையாட்டிட்டு, அண்ணனுக்குப் பக்கத்துல என்ற பேரைப் போட்டுக்கிச்சு. நாச்சிமுத்துன்னு எழுத்துப்பிழை இல்லாமப் போடு அம்மணின்னு வேற சொன்னேன் பாத்துக்கங்க.

ரெண்டொரு வாரம் கழிச்சு மீட்டிங். சுவத்துல பெரிசா படம் போட்டாங்க. பூரா வட்டம் வட்டமா, நடுவுல கோடு கோடா. வைண்டிங் ஒரு வட்டம், டெஸ்டிங் ஒரு வட்டம், எல்லாம் பொட்டு மாதிரி பொடிசு. நட்டநடுவுல தோசைக்கல் தண்டிக்கு ஒரு சிவப்பு வட்டம். அத்தனை கோடும் அதுலதான் வந்து முடியுது. அதுக்குள்ள பெரிய எழுத்துல, அண்ணன். எனக்குத் தலைகால் புரியலீங்க. போனை எடுத்து ஒரு போட்டோ புடிச்சேன். திருப்பூர்ல இருக்கற மச்சானுக்கு அங்கிருந்தே அனுப்பினேன். என்ற ஊட்டுக்காரிக்கும் அனுப்பினேன். 'நடுவுல இருக்கறது யாருன்னு பாரு'ன்னு எழுதினேன்.

அப்பத்தான் சின்னவர் எந்திரிச்சு, ஒரு குச்சிய வச்சு அந்த வட்டத்தைத் தட்டினாரு. "நம்ம லைனோட நோயே இதுதான்"னாரு.

நோயிங்க! நோயின்னாரு!

"ஒன்னுக்குப் புள்ளி ரெண்டு மார்க்குகூட வரல. ஒரே ஆள்மேல எல்லாம் தொங்குது. இப்படி இருந்தா எதையும் பிரிக்க முடியாது"ன்னாரு. பொறவு என்னையப் பாத்து, "நாச்சிமுத்து சார், நீங்க பயப்பட வேண்டாம். இந்தப் படத்தைப் பாத்தா உங்களை இங்கிருந்து அசைக்கவே முடியாது. மொதல்ல உங்க வேலையக் கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சு நாலு பேருக்குக் குடுப்போம். அதுக்கே ஒரு வருசம் ஆகும்"னாரு.

என்ற வேலையப் பிரிச்சு நாலு பேருக்குக் குடுக்கறாங்களாம். நல்லாருக்குதுங்களா? ரத்தம் கொதிச்சுப் போச்சு. நோயின்னு ஒருத்தர் சொன்ன பொறவு, அசைக்க மாட்டோம்னு சொன்னா அதுல என்ன மரியாதை இருக்குது? அதுவும் பூரா ஆளுங்க முன்னாடி. பின்னாடி பெஞ்சுல எவனோ கெக்கேன்னு சிரிச்சான். யாருன்னு தெரியும். மாரப்பன்.

மாரப்பனைப் பத்திச் சொல்லோணும். தகடு வெட்டற பிரஸ் ஷாப்ல ஃபிட்டரு. அவன் சீட்டுல அவன் உக்காந்து நான் பாத்ததே இல்ல. கைல ஒரு ஸ்பேனரை வச்சுக்கிட்டு லைன் பூரா சுத்துவான். வைண்டிங்ல போயி நிப்பான், பெயிண்ட்ல போயி பேசுவான், பேக்கிங்ல போயி பெட்டி தூக்கிக் குடுப்பான். வேலை நேரத்துல எடத்தை உட்டுப் போறான்னு நான் மெமோ குடுத்திருக்கறேன். ஒருக்கா இல்ல, பலமுறை. வாங்கி மடிச்சுச் சட்டைப்பைல வச்சுக்கிட்டு "சரிங்க சார்"னு சொல்லிட்டு நேரா வைண்டிங்குக்குத்தான் போவான். அவன் மாதிரி ஆளுங்களைத்தானுங்க ஓசூருக்கு அனுப்போணும். நியாயம்னு ஒன்னு இருந்தா.

மக்கியாநாளு காலைல மொத வேலையா நான் அபிராமியப் புடிச்சேன். "அம்மணி, நீ போட்ட படம் தப்பு"ன்னேன். அது ஏன்னுச்சு. "நான் இல்லைன்னா லைன் நின்னுரும்னு போட்டிருக்கற. எங்க நிக்கும்? என்ற மச்சினிச்சி மவ கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டேன். லைன் நின்னுதா? நிக்கல. அந்த வாரம் எப்பவும் போறதை உட எச்சாத்தான் பம்பு வெளிய போச்சு. வேணும்னா கணக்கை எடுத்துப் பாரு"ன்னேன்.

எடுத்துப் பாத்துச்சுங்க அந்தப் புள்ள. பாத்துட்டு, "உண்மைதான் சார்"னுச்சு. எனக்குச் சந்தோசம். நான் உடல. "எவனாவது எங்கிட்ட வந்து சந்தேகம் கேட்டு நீ பாத்திருக்கறயா? நீயும்தான் இத்தனை நாளா இங்கயே இருக்கற"ன்னேன். அது "இல்லை சார், பார்த்ததில்லை"ன்னுச்சு. அப்பறமென்ன? என்ற பக்கம்தானே நியாயம்?

அந்தப் புள்ளைக்கு என்னமோ சங்கடம். கம்ப்யூட்டரை மூடி வச்சுட்டு, மெதுவாத்தான் சொல்லுச்சு. "சார், மீண்டும் ஒருமுறை எல்லோரையும் கேட்கிறேன். ஆனால் இணைப்புகள் குறைந்தால் தங்களைப் பெயர்ப்பது எளிதாகிவிடும். யோசித்துச் சொல்லுங்கள்"னுச்சு. அது பேசற தமிழ் இருக்குது பாருங்க. பேரு என்னமோ எளிதாயிரும்ங்குது. என்ற பேருதான் கெட்டுக் கெடக்குதே, அது சரியாவறது எளிதாச்சுன்னா நல்லதுதானேன்னு, "அதான் அம்மணி வேணும், சட்டுனு பண்ணு"ன்னேன். பெயர்த்து எடுக்கறதைத்தான் அது அப்படிச் சொல்லுச்சுன்னு ஓசூர் ஆர்டர் கைக்கு வந்த பொறவுதான் எனக்கு வெளங்குச்சு. கழட்டறதுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?

இந்தவாட்டி அது கேள்விய மாத்திக்கிச்சு. "அண்ணன் என்றீர்களே, அவர் பெயர் என்ன?" அவ்வளவுதான். நான் பக்கத்துல நின்னா அவங்க மனசு உட்டுப் பேச மாட்டாங்கன்னு ரூமுலயே இருக்கச் சொல்லுச்சு. இருப்பனா நானு? எறங்கிப் போயி அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததுக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். என்ற மானம் சம்பந்தப்பட்ட விசயமில்லீங்களா?

மொதல்ல சுபத்ரா. "பேருங்களா? மாரண்ணன்தானுங்க. மெசின் சத்தம் மாறுச்சுன்னா தானாவே ஓடி வந்துரும், நாம கூப்பிடக்கூட வேண்டியதில்ல"ன்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. ஒரு கோடு போச்சு.

ஷாஃப்ட் போடறவன், "ஸ்டோர்ஸ்ல சாதிக் அண்ணனுங்க." ரெண்டாவது கோடு போச்சு.

விசிறி மாட்டறவன், மாரண்ணன். பெயிண்ட் அடிக்கறவன், மாரண்ணன். நான் பெட்டிக்குப் பின்னால நின்னு சிரிச்சுக்கிட்டேன். மாட்டினான்டா மாரப்பன்! அத்தனை கோடும் அவன்மேல போயி உழுந்தா, தோசைக்கல்லு அவன் தலைமேலதானே? அவன்தானே நோயி?

டெஸ்டிங் தொட்டில இருக்கறவன் சொன்னதைக் கேட்டா நீங்க சிரிப்பீங்க. அவன் சொன்ன அண்ணன், அவனோட சொந்த அண்ணன். கூடப் பொறந்தவன். கம்பெனிலயே கெடையாது, கணபதி ஏரியால மோட்டார் ரிப்பேர் கடை வச்சிருக்கறான். இவன் தொட்டிகிட்ட நின்னுக்கிட்டு அவனுக்குப் போன் போட்டு, பம்பு தண்ணி ஏத்த மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு கேப்பானாம். எத்தனை வருசமா நடக்குதோ! மாடிக்கு நாலு படி ஏறினா நான் இருக்கறேன். கணபதிக்குப் போன் போடறான்.

கௌசல்யாதான் எல்லாத்துக்கும் மேல. "டீ கொண்டாருவாருல்லங்க, ராமசாமியண்ணன், அவருதான்"னுச்சு. அபிராமியே புரியாம நின்னுச்சு. "அவருதானுங்க லைன் பூரா போயிட்டு வர்றவரு. பெட்டி தீர்ந்துச்சுன்னா அவருகிட்ட சொல்லிவுடுவேன், அவரு சாதிக் அண்ணன்கிட்ட சொல்லிருவாரு. மேல ரூமுல சொன்னா மெமோ வருமுங்க, பெட்டி வராது"ன்னு விளக்கம் வேற. டீக்காரருங்க! ஒரு கம்பெனிக்கு மெசேஜ் சிஸ்டமே டீக்காரர்தான்னா, வெளிய சொன்னா மானம் போயிராதா? நானும் அந்த டீயத்தான் தெனமும் குடிக்கறேன். எங்கிட்ட வந்து கிளாசை வச்சுட்டுப் போவாரு, ஒரு வார்த்தை பேசமாட்டாரு. வாயில்லாத ஆளுன்னுல்ல நெனைச்சேன்.

கடைசியா அந்தப் புள்ளைக்கு என்ன தோணுச்சோ, கௌசல்யாகிட்ட ஒன்னு கேட்டுச்சு. "அப்படியானால் நாச்சிமுத்து சாரிடம் என்ன கேட்பீர்கள்?"

கௌசல்யா டேப் ஒட்டறதை நிறுத்திட்டு ரோசிச்சுது. "சார்கிட்ட... எல்லாம் சரியான பொறவு சொல்லிருவோமுங்க"ன்னுச்சு.

கேட்டீங்களா? அதுதான் மரியாதைங்கறது. எங்கெங்க போயி யாரைக் கேட்டாலும், கடைசில முடிவு என்ற காதுக்கு வந்தாகோணும். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு.

புதுப்படம் போட்டாங்க. சிவப்பு வட்டத்தைக் காணோம். காணவே காணோம். அதுக்குப் பதிலா மாரப்பன் ஒரு வட்டம், சாதிக் ஒரு வட்டம், டீக்காரருக்கு ஒரு வட்டம், கணபதில இருக்கற அந்த ரிப்பேர் கடைக்காரனுக்குக்கூட ஓரமா ஒரு வட்டம். எல்லாத்துக்கும் கோடு கோடா, நூல்கண்டு பிரிஞ்சு கெடந்த மாதிரி. நான் என்ற பேரைத் தேடறேன், தேடறேன், கெடைக்கல. அப்பறம் அந்தப் புள்ளதான் காட்டுச்சு. படத்துக்கு மேல, வலது மூலைல. பச்சை வட்டம். நல்ல பச்சை. சுத்தி ஒன்னுமில்ல. ஒரு கோடு, ஒரே ஒரு கோடுகூட இல்ல. அவ்வளவு சுத்தம்!

நான் எந்திரிச்சே சொல்லிட்டேன். "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேனே"ன்னேன். சுபத்ரா குனிஞ்சுக்கிச்சு. மாரப்பன்கூடச் சிரிக்கல. சின்னவர் அந்தப் பச்சை வட்டத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. பொறவு எங்கிட்ட வந்து என்ற கையைப் புடிச்சுக்கிட்டாரு. "நாச்சிமுத்து சார், இந்த லைன்லயே உங்களை மட்டும்தான் எந்தச் சேதாரமும் இல்லாம எடுக்க முடியும்"னாரு. நான் தேங்க்ஸுன்னேன். தேங்க்ஸுன்னு சொன்னேனுங்க நானு.

அடுத்த வாரம் ஆர்டர். ஓசூர்.

இப்ப நீங்களே சொல்லுங்க. நியாயமா இது? நோயின்னு சொன்னப்ப அசைக்க மாட்டோம்னாங்க. நோயில்ல, சுத்தம்னு ஆன பொறவு அனுப்பறாங்க. மாரப்பன்மேல அத்தனை கோடு. அவனைத் தொட மாட்டாங்களாம், தொட்டா லைனே நின்னுருமாம், அவனுக்குப் புதுசா 'ஒருங்கிணைப்பாளர்'னு ஒரு பதவி வேற. நான் குடுத்த மெமோ எல்லாம் என்னாச்சு? எடத்தை உட்டுட்டுச் சுத்தினவனுக்குப் பதவி. எடத்தை உட்டு நகராம கண்ணாடி ரூமுலயே உக்காந்திருந்தவனுக்கு ஓசூர். அங்க லைனாவது இருக்குதான்னா அதுவும் இல்ல. இப்பத்தான் அஸ்திவாரம் போடறாங்க. ஒரு தகர ஷெட்டு, ஒரு வாட்ச்மேன், நானு. எனக்கு அங்கயும் ஒரு கண்ணாடி ரூமு கட்டித் தர்றேன்னு சின்னவர் சொல்லியிருக்காரு. அதுக்குள்ள உக்காந்து எதைப் பாக்கறது? அஸ்திவாரத்தையா?

போய் முதலாளிகிட்டயே கேட்டிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. கேட்டேனுங்க. அவரு வயசானவரு, "பையன் பாத்துக்குவான்பா, நீ நல்லா இருப்பே"ன்னுட்டாரு. சரி, ஊட்டுல என்ன சொல்றாங்கன்னு பாத்தேன். என்ற ஊட்டுக்காரி முன்ரூமுல தையல்கடை போட்டிருக்கறா, நாலு பொம்பளைங்க எப்பவும் அங்க உக்காந்திருப்பாங்க. ஓசூருக்குக் கூட வர்றயான்னு கேட்டேன். ஜாக்கெட்டு வெட்டிக்கிட்டிருந்தவ, கத்திரியக்கூட நிறுத்தல. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்க ஒன்னும் கஷ்டமில்ல"ன்னா. நம்ம மேல இருக்கற தைரியத்துல உடறாளேன்னு நெனைச்சுக்கிட்டேன். வேற எப்படி நெனைக்கறது?

கெளம்பறப்ப லைனுக்குப் போயி எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. நின்னுட்டு, நான் அடுத்த மெசினுக்குப் போனதும் உக்காந்துக்கிட்டாங்க. வெளிய கேட்டுக்கு வந்தப்பறமும் லைன் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதே சத்தம்தான். நான் ரெண்டு நிமிசம் நின்னு கேட்டேன். எங்கயாவது மாறுதான்னு. மாறலீங்க.

வயித்தெரிச்சலா இருக்குதுங்க. வெளிய சொல்றதுக்கென்ன. பஸ் ஏறினதுலருந்து நான் அந்தப் படத்தையேதான் நெனைச்சுக்கிட்டு வர்றேன். அத்தனை பேர்ல ஒருத்தனாவது, ஒரே ஒருத்தனாவது என்ற பேரைச் சொல்லியிருந்தான்னா, மூலைலருந்து ஒரு கோடு வந்திருக்கும். நல்லவேளை சொல்லல. சொல்லியிருந்தா நானும் நோயின்னு மாட்டியிருப்பேன்ல? நல்லவேளைதானுங்களே?

என்னங்க? பஸ் சத்தத்துல கேக்கல. அந்த லைன்ல என்னைய ஒருத்தரும் அண்ணன்னு கூப்பிட்டதே இல்லையான்னா?

அது எப்படீங்க இல்லாம இருக்கும்? இத்தனை வருசம் ஒரே எடத்துல வேலை பாத்திருக்கறேன். கூப்பிட்டிருப்பாங்க. ஆரம்பத்துல நானும் அவங்களோட கீழதானே நின்னேன், மேல ரூமு கட்டறதுக்கு முன்னால. அப்ப கூப்பிட்டிருப்பாங்க. யாருன்னா... இருங்க, பேரு சொல்றேன். நெனைப்புக்கு வந்துரும்.

சங்ககிரி வந்துருச்சாட்டம் இருக்குது. எந்திரிங்க, எந்திரிங்க, பையை நான் எடுத்துக் குடுக்கறேன், கால் மேல படாமப் பாத்து வாங்க.

ஒன்னே ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. டிக்கெட் வாங்கறப்ப கண்டக்டரை அண்ணான்னீங்க. பெருந்துறைல கடலை வித்துக்கிட்டு வந்தானே, மீசைகூட சரியா மொளைக்கல, அவனையும் அண்ணான்னீங்க. என்னையத் தள்ளி உக்காரச் சொன்னப்ப மட்டும் ஏனுங்க சார்னீங்க? நான் சூப்பர்வைசர்னு அப்ப உங்களுக்குத் தெரியவே தெரியாதே?